எங்களைப் பார்க்க வந்த கொழும்பு

‘கொழும்பில் கண்டு களிக்கத்தக்கவை’ என்று தலைப்பையும் கொடுத்து, நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுதித் தரும்படி எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கேட்டிருக்கிறார். படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்காம். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர், எனக்கு ஐந்தாம் வகுப்புவரை எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அதனால் மறுக்க முடியவில்லை. ஆனால் கண்டது வேறு, களித்தது வேறு. நான் எழுதுவதில் களிப்புக் குறைந்து எரிச்சல் கூடிப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை. கொழும்புதான் பொறுப்பு.

விஷயம் பெரட்டுக் களத்தில் ஆரம்பித்தது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில் எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஏச்சுத்தான். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை சிரித்த முகத்தோடு வந்து நின்றார். பக்கத்தில் நின்ற செல்லம்மாக்கா என் விலாவில் இடித்து, “என்னமோ வம்பு வருது புள்ள” என்றாள்.

கொழும்பில் பெரிய பொருட்காட்சி நடக்கப் போகிறதாம். அதில் தேயிலைக்கென்றே ஒரு மண்டபமாம். அங்கே நின்று கொழுந்து பறித்துக் காட்ட எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பெண்களைத் துரை அனுப்பப் போகிறாராம்.

“காலையில கொஞ்ச நேரம் பறிச்சுக் காட்டுனாப் போதும். பகலுக்கு மேல கொழும்பச் சுத்திப் பாக்கலாம். தொரையே வாயத் தொறந்து சொல்லியிருக்காரு” என்றார் கணக்கப்பிள்ளை.

அவ்வளவுதான், பச்சைப் பிள்ளைக்காரிகூடக் கையைத் தூக்கிவிட்டாள். கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். முதலில் செல்லம்மாக்காவின் பேர் வந்தது. அவள் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கே மூத்த கொழுந்துக்காரி. வெற்றிலையும் வசவும் அவள் வாயில் எப்போதும் இருக்கும். அடுத்தது பவளம். தை மாதம் கல்யாணமாகி வந்த பெண், தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் போகவில்லை. மூன்றாவது நான், மீனாட்சி.

அன்று சாயந்தரமே எனக்குப் புத்திமதி வந்து குவிந்தது. வாத்தியார் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்: “மியூசியம் கட்டாயம் பாக்கவேணும் பிள்ளை. திமிங்கிலத்தின்ரை எலும்புக்கூடு வைச்சிருக்கினம். தெகிவளை மிருகக்காட்சிச் சாலையிலை ஆனை கூத்தாடும். கோட்டையிலை பெரிய கடையளிலை லிஃப்ட் இருக்கு, ஏறிப் பாக்கலாம். பின்னேரம் காலிமுகத்திடல் கடற்கரையிலை காத்து வாங்கவேணும். அதை விட்டிட்டு வந்தால் கொழும்புக்குப் போனதெண்டு சொல்லாதை.”

பீலிக்கரையில் அதைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். குழாய்போல் மலைத்தண்ணீர் விழுகிற அந்த இடத்தில்தான் எங்கள் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிப்பது, குளிப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம். எங்கள் தாய் தகப்பன் கடல் தாண்டி வந்தவர்கள். நாங்களோ இங்கேயே பிறந்து ஹட்டன் ஸ்டேஷனுக்கு அப்பால் அறியாதவர்கள். கடல் என்றால் என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருத்தி, அது கொத்மலை ஆற்றைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும் என்றாள். தண்ணீர் உப்பாக இருக்கும் என்று சொன்னதை இன்னொருத்தி நம்பவே மாட்டேன் என்றாள். கடைசியில் கிரேப் வாட்டர் போத்தல் ஒன்றைக் கழுவி என் கையில் கொடுத்தார்கள்.

“ஆனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ கடலப் பாத்துட்டு வந்து எப்பிடி இருக்குன்னு ஒழுங்காச் சொல்லணும். இதுல கொஞ்சம் கொண்டாந்து குடு, நாக்குல வச்சுப் பாக்குறோம்” என்றார்கள். பீலித் தண்ணீரில் கையை வைத்து, சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன். சத்தியம் செய்யும்போது, அதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை என்று நினைத்தேன்.

ரயிலில் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டு, தலையில் கம்பளி போர்த்தி ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. கொழும்பு வருவதற்குள் செல்லம்மாக்கா, மேலே இருக்கிற சேலைதான் இனி மிச்சம், அதையும் கழற்றச் சொல்வார்களோ என்று கணக்கப்பிள்ளை காதில் விழும்படி கேட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் எங்களை ஒரு லொறியின் பின்பக்கம் ஏற்றினார்கள். அதனால் கொழும்பை நாங்கள் முதன்முதலில் பின்பக்கமாகத்தான் பார்த்தோம். ஒரு கட்டடத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்பதற்குள் அது சின்னதாகிவிடும். மாடி வைத்த பஸ் ஒன்று தலைக்கு மேலே மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஓடி வந்தது. “அடியாத்தி, பஸ்ஸுக்குக் கொம்பு மொளச்சிருக்கு” என்று பவளம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே பேசி முடித்தோம்.

பொருட்காட்சி மைதானத்தில் தேயிலை மண்டபம் நன்றாகத்தான் இருந்தது. பாதியாய் அறுத்த பீப்பாய்களில் தேயிலைச் செடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பின்னால் பெரிய திரையில் மலையும் அருவியும் வரைந்திருந்தார்கள். துரை பங்களாவைக்கூடச் சின்னதாக வரைந்திருந்தான் அந்தப் புண்ணியவான். லயத்தைக் காணோம். “நாம எங்க குடியிருக்கோமாம்?” என்று செல்லம்மாக்கா கேட்டாள். செடிகளைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. சனங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக ஒரு மாத்தையா, அதாவது சிங்கள ஐயா, இருந்தார். கழுத்துப்பட்டி கட்டி, வேர்க்க வேர்க்க ஓடிக்கொண்டே இருப்பார். அவர் எங்கள் படங்குச் சாக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இடுப்பில் சாக்குக் கட்டாமல் கொழுந்து பறித்தால் செடிக் கொப்பு சேலையைக் கிழித்துவிடும் என்று அவருக்கு யார் சொல்வது. சாக்கைப் பிடுங்கிக்கொண்டு, பளபளவென்று சிவப்புச் சேலையும் பித்தளை வளையலும் கொடுத்தார். அந்த வளையலைப் போட்டால் கை கொழுந்துக்குள் நுழையாது. “கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு போட மாட்டாங்களே” என்றாள் பவளம், தன் கல்யாணம் ஞாபகம் வந்து.

மறுநாள் திறப்பு விழா. மேளம் அடித்தார்கள், ஆட்களை உள்ளே விட்டார்கள், எங்களைப் பறிக்கச் சொன்னார்கள். இங்கேதான் நாங்கள் செய்த தப்பு வருகிறது. அதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பறிக்கச் சொன்னார்கள், பறித்தோம். கொழுந்தைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது. காலையில் மலை என்று நாங்கள் சொல்கிற தேயிலைப் பகுதியில் இறங்கினால் சொன்ன எடையைக் கொடுத்தால்தான் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம், போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். சின்ன வயதிலிருந்து அந்தப் பயத்தில் பழகிய விரல்கள். வளையலைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு ஆளுக்கொரு நிரையாகப் பிடித்தோம். செல்லம்மாக்கா மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒடித்து மட்டமாக்கினாள். சனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கை தட்டினார்கள். எங்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. முதல் கூட்டம் கலைவதற்குள் மண்டபத்திலிருந்த அத்தனை செடியும் மொட்டை. செல்லம்மாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்: “அடுத்த மல எதுங்க?”

அப்போதுதான் மாத்தையா ஓடி வந்தார். செடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் கத்தியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்: “ஒரு வாரத்துக்கு வைத்த செடி. ஆடு மேய்ந்தால்கூட இப்படி மேயாது. இவர்களை யார் பறிக்கச் சொன்னது?”

“நீங்கதான்” என்றேன் நானும் சிங்களத்திலேயே. அவர் என்னிடம் பேசவில்லை. கணக்கப்பிள்ளையிடம்தான் பேசினார். கணக்கப்பிள்ளை எங்களைப் பார்த்து, “பறிக்கிற மாதிரி காட்டணும்னா பறிச்சுடுறதா? கொஞ்சம் புத்தி வேணாமா?” என்றார். இத்தனை வருஷமாக, “என்னா சும்மா தடவிக்கிட்டு நிக்கிற, கையப் போட்டுப் பறி” என்று கத்திய அதே வாய்.

அதற்குப் பரிகாரமாக அவர்கள் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். தினமும் எங்கள் தோட்டத்திலிருந்து ஈரச்சாக்கில் கட்டிய கொழுந்து ரயிலில் வரும். அதை நாங்கள் மூன்று பேரும் பச்சை நூலால் ஒவ்வொன்றாகச் செடியில் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, பறிப்பதுபோல் விரலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். பகலுக்குள் வாடிவிடும். வாடியதை அவிழ்த்துவிட்டு வேறு கட்ட வேண்டும். எங்கள் லயத்துப் பெண்கள் மழையில் நனைந்து செடியிலிருந்து பறித்ததை, நாங்கள் கொழும்பில் உட்கார்ந்து திரும்பவும் செடியில் கட்டினோம். உலகத்தில் இப்படி ஒரு வேலை உண்டா?

அப்படியானால் பகலுக்கு மேல் ஊர் பார்ப்பது?

“செடிய மொட்டையடிச்சதுக்கு ஊர் வேற பாக்கணுமா? நாளைக்குப் பாப்போம்” என்றார் கணக்கப்பிள்ளை.

மறுநாளும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னார். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்கை, அங்கேயே குளிப்பு, அங்கேயே சாப்பாடு. கடையிலிருந்து சோற்றுப் பார்சல் வரும். கறியில் தேங்காய்ப்பால் மிதக்கும், மீன் வாடை மூக்கைத் துளைக்கும். ஒரு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தால் போதும் என்று மூன்று பேருக்கும் ஏங்கிப் போயிற்று. மண்டபத்தின் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் மெல்லிய பீங்கான் கோப்பையில் இலவசமாகத் தேத்தண்ணி கொடுத்தார்கள். எங்களுக்குத் தகரக் குவளையில், அதுவும் கேட்டால். நான் இரண்டாம் நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன்.

கொழும்பைத்தான் நாங்கள் பார்க்கவில்லை. கொழும்பு முழுக்க வந்து எங்களைப் பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் கெமராவோடு வந்தார்கள். “சிரிக்கச் சொல்லு” என்று மாத்தையா கணக்கப்பிள்ளைக்குச் சொல்ல, கணக்கப்பிள்ளை எங்களுக்குச் சொன்னார். செல்லம்மாக்கா சிரித்தாள். வெற்றிலைக் காவி படிந்த பல்லைப் பார்த்ததும் அவளை மட்டும் சிரிக்க வேண்டாம் என்றார்கள். வெற்றிலையையும் பிடுங்கிவிட்டார்கள். அன்றைக்கு அவள் விட்ட வசவை எல்லாம் எழுதினால் வாத்தியார் பத்திரிகையைக் கொளுத்திவிடுவார்.

ஒரு சிங்கள அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “பார், இந்தியாக்காரிகள் எப்படிப் பறிக்கிறார்கள்” என்றாள். கொழும்பிலேயே இருக்கிற தமிழ் அம்மா ஒருத்தி, நல்ல பட்டுச்சேலை, கயிற்றின்மேல் குனிந்து கேட்டாள்: “நீங்கள் இந்தியாவிலை எந்த ஊர்?”

“டிக்கோயாங்க” என்றேன்.

“அது இஞ்சையெல்லோ. நான் கேட்டது, பிறந்த ஊர்.”

“அதாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில பொறந்தேன்.”

அந்த அம்மாவுக்கு நான் ஏதோ மறைப்பதுபோல் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து மண்டபத்துக்குப் போய்விட்டாள். எங்கள் தலைக்கு மேலே மூன்று பாஷையிலும் பெரிய எழுத்தில் ‘நம் நாட்டின் பெருமை’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அது தேயிலையைச் சொன்னது. தேயிலைக்கு இந்த நாட்டில் இடம் உண்டு. அதைப் பறிக்கிறவளுக்கு ஓட்டுக்கூட இல்லை. நாள் முழுக்க அந்த எழுத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

இதற்கிடையில் கணக்கப்பிள்ளை கொழும்பை நன்றாகவே பார்த்தார். மாத்தையாவின் ஆள் ஒருவரோடு தினமும் பகலுக்கு மேல் கிளம்பிவிடுவார். பொழுது சாய வந்து, கொட்டகை வாசலில் நின்று கதை வேறு சொல்வார்.

“ஆன பேண்டு வாத்தியத்துக்கு ஆடுது. ஒத்தக் கால்ல நிக்கிது. நம்பவே மாட்டீங்க.”

நாங்கள் நூல் அவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

“லிஃப்டுல ஏறுனேன். நாம மேல போயிடுறோம், வயிறு மட்டும் கீழயே நின்னுடுது” என்றார் இன்னொரு நாள்.

“அப்பிடியே மனசாட்சியும் கீழ நின்னுடுச்சாங்க?” என்றாள் செல்லம்மாக்கா. அவர் அதற்குப் பிறகு திமிங்கில எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்ல வரவில்லை.

கடைசி நாள் வந்தது. சாயந்தரம் ஒரு பெரிய மனிதர் மண்டபத்தைப் பார்க்க வருகிறார், அவர் போனதும் லொறியில் நேரே ஸ்டேஷனுக்கு, இரவு ரயில் என்று கணக்கப்பிள்ளை காலையிலேயே சொல்லிவிட்டார்.

“அப்ப கடல்?” என்றேன்.

“கடல் எங்கயும் ஓடிடாது. இன்னொருவாட்டி வந்தாப் பாத்துக்க.”

இன்னொரு வாட்டி. ஒரு மனுஷி ஒரு ஆயுளில் எத்தனை தடவை கொழும்புக்குச் சீட்டு விழுந்து போக முடியும்? என் மூட்டைக்குள் அந்த கிரேப் வாட்டர் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. பீலிக்கரையில் அத்தனை பேரும் குடத்தை வைத்துவிட்டு என்னைச் சுற்றி நிற்பார்கள். என்ன சொல்வேன்? கயிறு எப்படி இருந்தது என்று சொல்லவா? நூல் எப்படி இருந்தது என்று சொல்லவா? எனக்கு அழுகை முட்டியது. அழுகை நின்றதும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

பகல் சாப்பாட்டுக்கு மாத்தையாவும் கணக்கப்பிள்ளையும் போன நேரம். மண்டபத்தில் கூட்டம் நிறைய இருந்தது. “செல்லம்மாக்கா, பறிக்கலாமா?” என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வளையலை முழங்கைக்கு மேலே தள்ளிக்கொண்டாள். நான் போத்தலை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

காலையில் கட்டிய கொழுந்து முழுவதையும் நூலோடு பறித்துக் கூடையில் போட்டோம். கூடையை முதுகில் மாட்டி, கயிற்றைத் தலைக்குக் கொடுத்து, வெள்ளைக் கயிற்றைத் தூக்கி அதன் கீழே குனிந்து வெளியே வந்தோம். இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துச் சனங்கள் வழி விட்டார்கள். கை தட்டினார்கள். வாசலில் நின்ற காவல்காரனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கதவை நன்றாகத் திறந்துவிட்டான். பவளம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, தொரைக்குத் தெரிஞ்சா?” என்றாள். “தொர சொன்னதத்தான் செய்றோம். பகலுக்கு மேல சுத்திப் பாக்கச் சொன்னாருல்ல” என்றேன்.

கொம்பு முளைத்த பஸ் வந்து நின்றது. கூடையோடு ஏறக்கூடாது என்றான் கண்டக்டர். செல்லம்மாக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கடலைப் பார்க்க வேண்டும், இன்றைக்கு விட்டால் இல்லை, மலையிலிருந்து வருகிறோம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் எங்கள் சேலையையும் வளையலையும் மேலும் கீழும் பார்த்தான். பிறகு கூடைகளைத் தானே வாங்கி ஏணிப்படிக்குக் கீழே வைத்தான். அந்த வாரத்தில் எங்கள் கையிலிருந்து பாரத்தை வாங்கி வைத்த ஒரே மனிதன் அவன்தான்.

பாதி வழியில், ஒரு திருப்பத்தில், பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. பஸ் அப்படியே நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து மாட்டப் பார்த்தான். ஒரு கொம்பு மாட்டினால் மற்றது கழலும். பின்னால் கார்கள் கத்தின. இன்னேரம் கணக்கப்பிள்ளை சாப்பிட்டு வந்திருப்பார், எங்களைத் தேடத் தொடங்கியிருப்பார். “இது நம்மூரு மாடு மாதிரிதான், கொம்பப் புடிச்சா நடக்கவா போவுது, எறங்குங்கடி” என்று செல்லம்மாக்கா கூடையைத் தூக்கினாள்.

இறங்கும்போது, சன்னலோரம் இருந்த சிங்களக் கிழவி ஒருத்தி கையை நீட்டி வழி காட்டினாள். “நேரே போ மகளே. எங்கே காற்று முகத்தில் அறைகிறதோ அதுதான்” என்றாள்.

நடந்தோம் என்று எழுதக்கூடாது, ஓடினோம். மலைப் பாதையில் சுமையோடு ஏறி இறங்குகிற எங்களுக்குத் தட்டையான ரோடு ஒரு பொருட்டா? கடைகள், பெரிய பெரிய வீடுகள், ரோட்டைக் கடக்க விடாத கார்கள் எல்லாம் வந்துபோயின. ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. ஒரு மூலை திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது.

கொத்மலை ஆற்றைவிட அகலம்தான்.

எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் ஒரு மலை வந்து கண்ணை மறித்துவிடும். இங்கே மறிக்க ஒன்றுமே இல்லை. பவளம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் இறங்கி ஓடினாள். அலை வந்து சேலையை முழங்கால்வரை நனைத்தது. செல்லம்மாக்கா கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று வாத்தியார் திருத்திவிடக் கூடாது. கோபத்தில்தான் அழுதேன். இவ்வளவு பெரியதை, காசு பணம் கேட்காமல் சும்மா கிடப்பதை, ஒரு வாரமாக எங்களுக்குக் காட்டாமல் நூல் கட்ட வைத்தார்களே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் ஒரு கூட்டம். காற்று வாங்க வந்தவர்கள், வறுத்த கடலை விற்கிறவர், அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் தூவி விற்கிறவர், குடும்பம் குடும்பமாக எல்லாரும் எங்களைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நகர, அவர்களும் நகர்ந்து, எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்கள். கெமரா வைத்திருந்த ஒருவர் முன்னால் வந்து, புல்லின்மேல் குனிந்து கொழுந்து பறிப்பதுபோல் கொஞ்சம் காட்ட முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது. “மாத்தையா, உங்க முதுகுக்குப் பின்னால கடல் இருக்கு. நாங்க அதப் பாக்க வந்தோம். நீங்களும் திரும்பி அதப் பாருங்க. எங்களுக்கு மறைக்குது” என்றேன், அவருக்குப் புரிகிற பாஷையிலேயே.

அவர் கெமராவை இறக்கினார். ஒவ்வொருவராக விலகினார்கள். சிலர் உண்மையாகவே திரும்பிக் கடலைப் பார்த்தார்கள், அது அங்கே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல். அன்னாசிக்காரர் மட்டும் போகாமல் நின்று எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, காசை வாங்க மாட்டேன் என்றார்.

செல்லம்மாக்கா கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய், நூல் கட்டிய கொழுந்து முழுவதையும் அலையில் கொட்டினாள். “போ. நீயாவது யாருகிட்டயும் உத்தரவுத் துண்டு கேக்காம ஒலகத்தச் சுத்து” என்றாள். அலை அதைக் கொண்டு போனது. திரும்பவும் கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டது. திரும்பவும் கொண்டு போனது. நான் போத்தலை நிரப்பி மூடியை இறுக்கினேன்.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வழி கேட்டு நடந்தோம். கணக்கப்பிள்ளை எங்கள் மூட்டைகளோடு பிளாட்பாரத்தில் நின்றார். முகம் செத்துக் கிடந்தது. பெரிய மனிதர் வந்திருக்கிறார், திரையிலிருந்த மலையைப் பார்த்திருக்கிறார், மொட்டைச் செடியைப் பார்த்திருக்கிறார், பறிக்கிறவர்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். மாத்தையா தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பினாராம்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்றார்.

“கொழும்பு பாக்கப் போனோங்க” என்றேன். ரயில் வந்ததும் அவர் வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டார்.

தோட்டத்தில் துரைக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் பெரட்டில், எல்லார் முன்னாலும், அந்த ஒரு நாளுக்கு எங்களுக்குப் பேர் கிடையாது என்று வாசித்தார்கள். எங்கள் மூன்று பேரையும் நல்ல மலையிலிருந்து தூக்கி, அட்டை நிறைந்த உச்சி மலைக்குப் போட்டார்கள். அங்கேதான் இன்றைக்கும் பறிக்கிறோம். துரை சொன்ன வார்த்தையைத் துரை காப்பாற்றாததற்கு யார் பேரை வெட்டினார்கள் என்று நான் தொழிற்சங்கத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

பெரட்டில் வாசித்த அன்று சாயந்தரம் பீலிக்கரையில் குடங்களையெல்லாம் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். நான் போத்தலைத் திறந்து ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் கொஞ்சம் விட்டேன். நக்கிப் பார்த்து முகத்தைக் கோணினார்கள், சிரித்தார்கள், இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் கணக்கப்பிள்ளையின் சம்சாரம் நின்றுகொண்டிருந்தார். அவர் வழக்கமாகப் பீலிக்கு வருகிறவர் இல்லை. “ஆனையப் பத்தியும் லிஃப்டப் பத்தியும் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிடுச்சு” என்று மெல்லச் சொல்லிக் கையை நீட்டினார். அவருக்கும் விட்டேன்.

“எப்பிடி இருந்துச்சு? எம்மாம் பெருசு?” என்று ஒருத்தி கேட்டாள். சொல்கிறேன் என்று சத்தியம் செய்தவள் நான்தான். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன், போதவில்லை.

செல்லம்மாக்காதான் சொன்னாள். “அத அளக்க முடியாதுடி. நாம போய் நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். சுத்தி ஒரு கயிறு கட்டல.”